மூடித் திறந்தால் நெட்வொர்க் எங்கே போகிறது? சஸ்பெண்ட், ரெஸ்யூம் பற்றி எளிய விளக்கம்

லேப்டாப்பை மூடிவைக்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கிறது. பாதி எழுதிய கடிதம் இருக்கிறது, திறந்துவைத்த பக்கங்கள் இருக்கின்றன. நெட்வொர்க் மட்டும் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினாலும் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் உடனே வந்துவிடுகிறது.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நெட்வொர்க் கார்டு போய்விட்டது என்பார் ஒருவர். ரவுட்டர் சரியில்லை என்பார் இன்னொருவர். லினக்ஸுக்கும் ஸ்லீப்புக்கும் ஆகவே ஆகாது என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிறது என்றால் கார்டும் கேபிளும் ரவுட்டரும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று அர்த்தம். அநேகமாகக் கோளாறு டிரைவரில் இருக்கிறது. அந்த வகைக் கார்டை இயக்குவதற்கென்றே எழுதப்பட்டு, இயங்குதளத்தோடு சேர்ந்து ஓடும் நிரல்தான் டிரைவர். அதிலும் குறிப்பாக, கணினி தூங்கப்போகும்போது ஓடும் சஸ்பெண்ட் பகுதியிலும், விழிக்கும்போது ஓடும் ரெஸ்யூம் பகுதியிலும் தேட வேண்டும்.

இந்த இரண்டும் என்ன செய்கின்றன என்பதில்தான் பலருக்கும் குழப்பம். கணினி முழுவதும் அப்படியே உறைந்து நின்று, பிறகு அப்படியே தொடர்கிறது என்று நினைக்கிறோம். ஓடிக்கொண்டிருந்த நிரல்களைப் பொறுத்தவரை அது சரி. வன்பொருளைப் பொறுத்தவரை அது சுத்தமாகத் தவறு.

## எது தூங்குகிறது, எது அணைகிறது

கணினி எந்தெந்த விதத்தில் தூங்கலாம் என்பதை ஏசிபிஐ என்ற தரம் வரையறுக்கிறது. அதன் முதல் பதிப்பு 1996-இல் வந்தது. நாம் சாதாரணமாக ஸ்லீப் என்று சொல்வது அதில் எஸ்3 என்ற நிலை. அந்த நிலையில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் தொடர்ந்து போகும். பிராசஸர் அணைந்துவிடும். ஹைபர்னேட் என்பது எஸ்4. ரேமில் உள்ளதையெல்லாம் வட்டில் எழுதிவைத்துவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 கிடையாது. அவற்றில் பிராசஸர் முழுவதும் அணையாமல் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகிறது, மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்த மின்சாரத்துக்கு இறக்கப்படுகின்றன. லினக்ஸில் இதற்கு எஸ்2ஐடில் என்று பெயர்.

கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் பொதுவான தரத்துக்கு பிசிஐ என்று பெயர். கணினிக்கு இப்படி நிலைகள் இருப்பதுபோல ஒவ்வொரு பிசிஐ கார்டுக்கும் தனியாக நிலைகள் உண்டு. டி0 என்றால் முழு விழிப்பு. டி3 என்றால் தூக்கம். டி3-இலும் இரண்டு வகை இருக்கிறது. டி3 ஹாட் நிலையில் கார்டுக்கு மின்சாரம் இருக்கும், ஆனால் தன் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். டி3 கோல்ட் நிலையில் முக்கிய மின்சாரமே நின்றுவிடும். பெரும்பாலான கணினிகளில் எஸ்3-க்குப் போனால் நெட்வொர்க் கார்டின் கதி டி3 கோல்ட்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், ஸ்லீப்பில் ரேம் தாங்கி நிற்கிறது, கார்டு தாங்குவதில்லை. டிரைவர் ரேமில் இருப்பதால் அதற்கு நேற்று நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கும். கார்டுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது.

## மறதிக்கார ஊழியர்

கடிதங்களை வாங்கி அனுப்பும் ஓர் ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள். வேலையில் சூரர். ஆனால் தூங்கி எழுந்தால் தன் பெயர் உட்பட எல்லாம் மறந்துபோகும். அவருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், எதையும் மறக்காதவர். காலையில் மேற்பார்வையாளர் வந்து, “நேற்று 37-ஆவது கடிதத்தில் நிறுத்தினோம், அங்கிருந்து ஆரம்பி” என்கிறார். ஊழியருக்கு எந்த 37, எந்தத் தட்டு, எந்தக் கடிதம் என்று ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்கும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பார். மேற்பார்வையாளரோ வேலை நடக்கிறது என்று நம்பிக் காத்திருப்பார்.

ஊழியர் கார்டு, மேற்பார்வையாளர் டிரைவர். மறதியை யாரும் குணப்படுத்த முடியாது, அது மின்சாரம் போனதன் விளைவு. மேற்பார்வையாளர்தான் மாற வேண்டும். தினமும் காலையில், இவர் இன்றுதான் வேலைக்குச் சேர்ந்தார் என்று எண்ணி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த ஒப்புமைக்கு இவ்வளவுதான் வேலை. இனி நேராகக் கார்டுக்குள் போகலாம்.

## கார்டு எதையெல்லாம் மறக்கிறது

கார்டுக்குள் ரிஜிஸ்டர்கள் என்ற சிறுசிறு சேமிப்பிடங்கள் இருக்கின்றன. டிரைவர் அவற்றில் எண்களை எழுதித்தான் கார்டை இயக்குகிறது. மறந்துபோகும் விஷயங்களில் முதல் வகை, எல்லா பிசிஐ கார்டுகளுக்கும் பொதுவான கட்டமைப்புப் பகுதி. பழைய பிசிஐயில் இது 256 பைட், பிசிஐ எக்ஸ்பிரஸில் 4096 பைட். கார்டை எந்த முகவரியில் கூப்பிட வேண்டும், கார்டு தானாக ரேமைத் தொடலாமா என்பது போன்ற அடிப்படைத் தகவல்கள் இங்கே இருக்கும். இந்தப் பகுதி எல்லாக் கார்டுக்கும் பொது என்பதால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே இதைத் தூக்கத்துக்கு முன் எடுத்துவைத்து விழித்ததும் திரும்ப எழுதிவிடுகிறது.

“கார்டின் நிலையைக் கெர்னல் சேமித்து மீட்டுவிடும்” என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பரவுகிறது. பாதி உண்மை. கெர்னல் மீட்பது இந்தப் பொதுப் பகுதியை மட்டும்தான். அதைத் தவிர ஒவ்வொரு கார்டிலும் அந்தத் தயாரிப்பாளருக்கே உரிய ரிஜிஸ்டர்கள் ஏராளமாக இருக்கும். எந்த மேக் முகவரிக்கு (கார்டின் அடையாள எண்ணுக்கு) வரும் பேக்கெட்டை (நெட்வொர்க்கில் போய்வரும் தகவல் துண்டை) வாங்குவது, எந்த நிகழ்வுக்கு பிராசஸரைக் கூப்பிடுவது, எந்த வேகத்தில் பேசுவது எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. அவற்றின் பொருள் கெர்னலுக்குத் தெரியாது. டிரைவருக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாவது வகைதான் ஆளைக் கவிழ்ப்பது. கார்டு பேக்கெட்டுகளை பிராசஸரின் கையால் வாங்குவதில்லை, தானே ரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும், தானே ரேமில் எழுதும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். எங்கிருந்து எடுப்பது, எங்கே எழுதுவது என்று காட்ட, டிரைவர் ரேமில் ஒரு பட்டியல் போட்டுவைக்கும். கடைசி வரி முடிந்ததும் மறுபடி முதல் வரிக்கே போவதால் அதை ரிங் என்பார்கள். ஒவ்வொரு வரியிலும் பேக்கெட் இருக்கும் முகவரி, அதன் நீளம், இப்போது அந்த வரி டிரைவரிடம் இருக்கிறதா கார்டிடம் இருக்கிறதா என்ற குறி, இவை இருக்கும். எந்த வரியில் நிற்கிறோம் என்று டிரைவர் தன் பக்கம் ஓர் எண் வைத்திருக்கும், கார்டும் தன் பக்கம் ஓர் எண் வைத்திருக்கும்.

இப்போது தூங்கி எழுந்தால் என்ன ஆகும்? பட்டியல் ரேமில் பத்திரமாக இருக்கிறது. டிரைவரின் எண் 37 என்றே இருக்கிறது. கார்டின் எண் 0 ஆகிவிட்டது. டிரைவர் 37-ஆவது வரியில் புதிய பேக்கெட்டை வைத்து, “இது உன்னுடையது” என்று குறி போடுகிறது. கார்டு 0-ஆவது வரியைப் பார்க்கிறது. அங்கே “டிரைவருடையது” என்று இருப்பதால் சும்மா இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காத்திருக்கிறார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் இரண்டு பேருமே தங்கள் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அனுப்பக் கொடுத்த பேக்கெட் போகவே இல்லையே என்று கெர்னலின் கண்காணிப்புக் கடிகாரம்தான் கடைசியில் குரல் கொடுக்கும். டிரைவர் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அதற்கான கெடு 5 வினாடி. தூங்கி எழுந்த பிறகு கெர்னல் எழுதிவைக்கும் பதிவேடான லாக்கில் ‘டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்’ என்ற வரியைக் கண்டால் என் முதல் சந்தேகம் இந்த ரிங் மேல்தான் விழும்.

சுருக்கமாக: பொதுப் பகுதியைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். கார்டுக்கே உரிய ரிஜிஸ்டர்களையும் ரிங்கையும் டிரைவர்தான் பார்த்தாக வேண்டும்.

## தூங்கப்போகும்போது செய்ய வேண்டியவை

சஸ்பெண்டில் வரிசைதான் எல்லாம். முதலில் மேலே இருக்கும் நெட்வொர்க் அடுக்குக்கு, “இந்தக் கார்டு இப்போதைக்கு இல்லை, எதுவும் அனுப்பாதே” என்று சொல்ல வேண்டும். அடுத்து டிரைவரின் சொந்த வேலைகளை நிறுத்த வேண்டும். கேபிள் இணைந்திருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப்பார்க்கும் டைமர் ஒன்று பல டிரைவர்களில் இருக்கும். அதை நிறுத்த மறப்பது மிகச் சாதாரணமான தவறு. கார்டு தூங்கிய பிறகும் அந்த டைமர் போய்க் கதவைத் தட்டும். அப்புறம் கார்டின் டிஎம்ஏவை நிறுத்தி, உண்மையிலேயே நின்றதா என்று பார்த்துவிட்டு, இன்டரப்டை அணைக்க வேண்டும். பிராசஸரின் கவனத்தை இழுக்க கார்டு கொடுக்கும் சைகைதான் இன்டரப்ட். இவ்வளவும் முடிந்த பிறகே டி3.

டிஎம்ஏ நிற்பதில் ஏன் இவ்வளவு கறார்? ஹைபர்னேட்டை நினைத்துப்பாருங்கள். ரேமை அப்படியே படியெடுத்து வட்டில் எழுதும் நேரத்தில், எங்கிருந்தோ வந்த பேக்கெட் ஒன்றைக் கார்டு அதே ரேமில் எழுதிக்கொண்டிருந்தால், படியின் ஒரு பகுதி பழையதாகவும் ஒரு பகுதி புதியதாகவும் இருக்கும். விளைவு எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் வெடிக்கும். நெட்வொர்க் டிரைவரை யாரும் சந்தேகிக்கவே மாட்டார்கள்.

இன்டரப்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பாணி பிசிஐயில் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பல கார்டுகள் பங்குபோட்டுக்கொள்ளும். நம் கார்டு தூங்கிய பிறகு அதே கம்பியில் இருக்கும் வேறொரு கார்டு சைகை கொடுத்தால், கெர்னல் நம் டிரைவரையும் கூப்பிட்டு “உன்னுடையதா?” என்று கேட்கும். டிரைவர் கார்டின் நிலை ரிஜிஸ்டரைப் படிக்கும். பதில் சொல்ல ஆள் இல்லாத பிசிஐ முகவரியைப் படித்தால், பெரும்பாலான கணினிகளில் 32 பிட்டும் 1 ஆகத் திரும்பி வரும். டிரைவர் அதைப் பார்த்து என்ன நினைக்கும்? பேக்கெட் வந்திருக்கிறது, அனுப்பி முடிந்திருக்கிறது, பிழையும் வந்திருக்கிறது, கேபிளும் மாறியிருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில்! உடனே எல்லாவற்றையும் கவனிக்கக் கிளம்பிவிடும். எல்லாப் பிட்டும் 1 என்றால் கார்டு இல்லை என்று எடுத்துக்கொண்டு பேசாமல் திரும்பு என்ற ஒரு வரிச் சோதனை இந்தக் கூத்தைத் தடுக்கும்.

வேக் ஆன் லேன் வசதி வேண்டுமென்றால் கார்டை முழுவதும் தூங்கவிட முடியாது. நெட்வொர்க் வழியாக வரும் ஒரு சிறப்புப் பேக்கெட்டைப் பார்த்துக் கணினியை எழுப்பும் வசதி இது. 6 பைட் முழுக்க 1 பிட்டுகள், அதன்பின் அந்தக் கார்டின் மேக் முகவரி 16 முறை, ஆக மொத்தம் 102 பைட். இதை அடையாளம் காணும் பகுதி மட்டும் துணை மின்சாரத்தில் விழித்திருக்கும். அந்த மின்சாரத்தையும் மிச்சப்படுத்த, சில டிரைவர்கள் இணைப்பு வேகத்தை 10 மெகாபிட்டுக்குக் குறைத்துவிட்டுத் தூங்கப்போகும். எழுந்ததும் வேகத்தை மறுபடி உயர்த்த மறந்தால்? நெட்வொர்க் வரும், ஆனால் நகரவே நகராது. “ஸ்லீப்புக்கு அப்புறம் நெட் ஸ்லோ” என்ற புகாரில் பாதியை நான் இந்தக் கணக்கில் எழுதத் தயார்.

## எழும்போது

டி3 ஹாட்டிலிருந்து டி0-க்கு மாற்றியதும் கார்டுக்கு மூச்சுவிட 10 மில்லிவினாடியாவது தர வேண்டும் என்கிறது பிசிஐ தரம். லினக்ஸில் இதையும் பொதுப் பகுதியை மீட்பதையும் கெர்னலின் பிசிஐ பகுதியே செய்துவிட்டு, அதன் பிறகுதான் டிரைவரின் ரெஸ்யூமைக் கூப்பிடுகிறது. பழைய டிரைவர்கள் சில இவற்றைத் தாங்களே மறுபடி செய்து குழப்பிக்கொள்கின்றன. அந்த வரிகளை நீக்கினாலே சில கோளாறுகள் போய்விடும்.

டிரைவர் தன் பங்குக்கு, கார்டு இன்றைக்குத்தான் முதல் முறை பொருத்தப்பட்டது போல நடந்துகொள்ள வேண்டும். கார்டை ரீசெட் செய், மேக் முகவரியை எழுது, எந்தப் பேக்கெட்டை வாங்குவது என்று தீர்மானிக்கும் வடிகட்டிகளை எழுது, ரிங்கின் இரு பக்க எண்களையும் 0 ஆக்கு, ரிங்கின் முகவரியைக் கார்டுக்குச் சொல், இன்டரப்டைத் திற, கடைசியாக நெட்வொர்க் அடுக்குக்குக் கார்டு வந்துவிட்டது என்று அறிவி. ரிங்கில் பாதியில் நின்ற பேக்கெட்டுகள் இதில் தொலையும். தொலையட்டும். தகவல் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற நெறிமுறை, தொலைந்ததைத் தானே மறுபடி அனுப்பிக்கொள்ளும். அவற்றைக் காப்பாற்ற நினைத்து எழுதிய நிரல்களில்தான் வம்பு அதிகம்.

இணைப்பு இருக்கிறதா என்ற தகவலையும் பழைய ஞாபகத்திலிருந்து எடுக்கக்கூடாது. கணினி தூங்கும்போது யாராவது கேபிளை வேறு சுவிட்சில் மாட்டியிருக்கலாம், வெறுமனே கழற்றியும் போயிருக்கலாம். இணைப்பு இல்லை என்று முதலில் அறிவித்துவிட்டு, கார்டும் மறுமுனையும் வேகத்தைப் பேசி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். அதற்கு ஓரிரு வினாடி பிடிக்கும். எழுந்தவுடன் நெட்வொர்க் சற்றுத் தாமதமாக வருவது கோளாறு இல்லை.

## அப்படியானால் திருத்தம் எப்படி இருக்கும்

நெட்வொர்க் கார்டு டிரைவர் எல்லாவற்றிலும் இன்டர்ஃபேஸை, அதாவது இயங்குதளத்தின் பார்வையில் அந்தக் கார்டு தரும் நெட்வொர்க் இணைப்பை, ஆன் செய்யும் செயற்கூறு ஒன்றும் ஆஃப் செய்யும் செயற்கூறு ஒன்றும் ஏற்கெனவே இருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் ஓட்டித் தேய்த்த நிரல் அது. கோளாறுள்ள டிரைவர்களில் ரெஸ்யூம் என்பது இதன் அரைகுறை நகலாக இருக்கும். பிற்பாடு ஆன் பகுதியில் யாரோ ஒரு புதிய ரிஜிஸ்டரைச் சேர்த்திருப்பார்கள், ரெஸ்யூமில் சேர்க்க மறந்திருப்பார்கள். அதனால் நல்ல திருத்தம் பெரும்பாலும் நகலை அழிப்பதாகவே இருக்கும். வன்பொருளைத் தயார்ப்படுத்தும் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து, ஆன் செய்யும்போதும் எழும்போதும் அதையே கூப்பிட வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தூங்கும்போது இன்டர்ஃபேஸ் ஆஃப் ஆகவே இருந்திருந்தால்? டிரைவர் ஏற்றப்பட்டிருக்கும், ஆனால் யாரும் நெட்வொர்க்கை ஆன் செய்திருக்க மாட்டார்கள். அப்போது நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. லினக்ஸில் பேக்கெட்டுகளைக் கொத்தாக வாங்கும் நாப்பி என்ற அமைப்பை, ஏற்கெனவே நிறுத்திய பிறகு இன்னொரு முறை நிறுத்தச் சொன்னால், அது முடிவில்லாமல் காத்திருக்கும். கணினி தூங்கவும் செய்யாது, திரும்பவும் வராது. ஆகவே இரண்டு பகுதியிலும் முதல் கேள்வி, இன்டர்ஃபேஸ் ஓடிக்கொண்டிருந்ததா என்பதாக இருக்க வேண்டும்.

டிரைவரைக் கெர்னலிலிருந்து இறக்கி மறுபடி ஏற்றும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்துச் சமாளிப்பவர்கள் பலர். அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் அது சொல்லும் சேதியைக் கவனியுங்கள்: முதலிலிருந்து தொடங்கினால் கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது, ரெஸ்யூம் மட்டும் முதலிலிருந்து தொடங்கவில்லை. புகார் எழுதும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்தால் டிரைவரைப் பராமரிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

## சோதித்துப் பார்ப்பது

லேப்டாப்பை மூடி மூடித் திறப்பது மோசமான சோதனை முறை. லினக்ஸில் பிஎம் டெஸ்ட் என்ற வசதி இருக்கிறது. அதில் ‘டிவைசஸ்’ என்ற படியைத் தேர்ந்தெடுத்துத் தூங்கச் சொன்னால், எல்லா டிரைவர்களின் சஸ்பெண்டையும் ஓட்டி, 5 வினாடி நின்று, ரெஸ்யூமை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடும். மின்சாரம் எதுவும் அணையாது. இந்தப் படியிலேயே கணினி சிக்கிக்கொண்டால் கோளாறு வரிசையிலோ பூட்டுகளிலோ (ஒரே நேரத்தில் ஒரு வேலை மட்டும் ஒன்றைத் தொடும்படி நிரல் போடும் தடைகளிலோ) இருக்கிறது. இது ஒழுங்காக ஓடி, உண்மையான தூக்கத்தில் மட்டும் நெட்வொர்க் போனால், கார்டு மறந்த ஏதோ ஒன்றை டிரைவர் திரும்பச் சொல்லவில்லை. எங்கே தேடுவது என்பது இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உண்மையான தூக்கத்துக்கு ஆர்டிசிவேக் என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட வினாடிகள் கழித்து எழுப்பிவிடு என்று கணினியின் கடிகாரத்திடம் சொல்லிவிட்டுத் தூங்கும். இதை ஒரு சுழற்சியில் போட்டு, பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு முறை, இன்டர்ஃபேஸ் ஆஃப் ஆக இருக்கும்போது ஒரு முறை, தூங்கும் நேரத்தில் கேபிளைக் கழற்றி ஒரு முறை, வேக் ஆன் லேன் போட்டும் எடுத்தும் ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். எதையும் ஒரு தடவையோடு விடக்கூடாது. முதல் ரெஸ்யூம் சரியாக நடந்து, அடுத்த சஸ்பெண்டில் கவிழும் டிரைவர்கள் உண்டு. நிறுத்தியதற்குச் சமமாகத் தொடங்காமல் விட்ட ஏதாவது ஒன்று இரண்டாவது சுற்றில்தான் அகப்படும்.